தாத்தாவின் பீரோவை எடைக்குப் போடும் முன்

அன்புள்ள மதிவதனிக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் கேட்டது உன் வீட்டுக் காரியம்தான். ஆனாலும் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். வக்கீல் தாத்தா, அப்பா விட்டுப்போன புத்தகங்களை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர் நீ மட்டுமில்லை.

"மூணு சட்டமும் மாறிப்போச்சே மாமா, இனி இதெல்லாம் பழைய பேப்பர்தானே" என்றாய். 2024 ஜூலை 1ஆம் தேதி தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் ஒரே நாளில் ஓய்வு பெற்றன. கொலைக்கான 302 இப்போது 103. மோசடிக்கான 420 இப்போது 318. ஆனால் நீயே வக்கீல், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு 1860இன் பழைய தண்டனைச் சட்டப்படிதான் தண்டனை. நம் ஊர் கோர்ட்டில் வழக்குக் கட்டு நகர்கிற வேகத்துக்கு, உன் ஜூனியருக்கு ஒரு ஜூனியர் வருகிற வரைக்கும் பழைய பிரிவுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். முதலில் எதைக் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறேன், உன் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும். கண்ணாடி பீரோவில் வரிசையாக நிற்கிறதே, ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), மெட்ராஸ் லா ஜர்னல் என்கிற தீர்ப்புத் தொகுதிகள், அவற்றுக்கு இன்று வாங்க ஆள் கிடையாது. மெட்ராஸ் லா ஜர்னல் 1891இலிருந்து வருகிறது, பெருமைதான். ஆனால் அந்தத் தீர்ப்புகளை நீ செல்போனிலேயே தேடி எடுத்துவிடுகிறாய். சினிமாவில் வக்கீல் ஆபீஸ் காட்ட வாடகைக்குக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஏதாவது சட்டக் கல்லூரியோ பார் அசோசியேஷனோ ஏற்றுக்கொண்டால் முழு வரிசையாகக் கொடு. இடமில்லை என்றால் வருத்தப்படாதே. இடம் அவர்களுக்கும் இருக்காது.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஓரங்களைப் பார். ரத்தன்லால் தீரஜ்லாலின் தண்டனைச் சட்ட உரை உன் தாத்தாவிடம் பல பதிப்பு உண்டு. புதிதாக இருப்பதைக் கொடுத்துவிடு. முதுகு கிழிந்து, காக்கி அட்டை போட்டு, பென்சில் கிறுக்கலாக இருக்கிறதே, அதை வை. சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவுப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். போலீஸ் காவலில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொன்னதில், பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும் என்கிற பிரிவு. பக்கத்தில் உன் தாத்தா பென்சிலில், "மகஜரில் மறுபடியும் அதே டீக்கடைக்காரர்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். மகஜர் என்றால் பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதுகிற பதிவு; அதில் திரும்பத் திரும்ப ஒரே ஆள் சாட்சி. ஒரு மாவட்ட கோர்ட்டில் அந்தப் பிரிவு எப்படி நடந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. அந்தப் புத்தகத்துக்கு அச்சுப் பிரதி லட்சம் இருக்கலாம். உன் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று.

பைண்டரிடம் இப்படிப்பட்டதைக் கொடுத்துவிடாதே. அவர் நல்ல எண்ணத்தோடு மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சமன் செய்வார். ஓரக் குறிப்பு முழுக்கக் குப்பைக் கூடையில் விழும். செலோடேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசின் எழுத்துக்குள் இறங்கிவிடும். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டையை மட்டும் நம்பாதே. மாதம் ஒரு தடவை எடுத்துத் தட்டி, காற்றாட வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும்.

பழைய தீர்ப்புத் தொகுதிகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வை. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ், மெட்ராஸ் வரிசை, 35ஆம் தொகுதி. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலை வழக்கு அதில்தான் இருக்கிறது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டுவிட்டான். வழக்கில் முதல் எதிரியாக நின்றவர் நீலகண்ட பிரம்மச்சாரி. மற்ற நீதிபதிகளோடு ஒத்துப்போகாமல் சங்கரன் நாயர் தனியாக ஒரு தீர்ப்பு எழுதி, அதில் பாரதியின் பாட்டை எடுத்துக் காட்டினார். அவர் பாட்டு ஒரு ராஜத்துரோகக் காலத்து உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குள் நுழைந்தது அப்படித்தான். அதை இணையத்தில் படிக்கலாம், சரி. ஆனால் நம் ஜில்லாவில் அந்தக் காலத்து ஒரு வக்கீலின் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய பிரதியில் அதைப் படிப்பது வேறு. அந்த வக்கீல் எந்தக் கட்சி, அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாரா என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

இப்போது நீ ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன், கையெழுத்துப் போட்ட புத்தகங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் க்யூவில் நின்று வாங்கியதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். நல்ல ஆரம்பம். ஆனால் நீதியரசர் சந்துருவின் 'நானும் நீதிபதி ஆனேன்' நூலில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வந்திருக்கிறாய். அடுத்த தடவை பெயரும் தேதியும் எழுதித் தரச் சொல். விற்கிறபோது அடுத்தவர் பெயர் இருந்தால் விலை குறையும் என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். கேட்காதே. யார் யாருக்கு எப்போது கொடுத்தார் என்று தெரிகிற பிரதிதான் பேசும். ஒரு கட்சிக்காரருக்கோ எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ எழுதிக் கொடுத்ததாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

போலிகளும் உண்டு. சில நூல்களில் கையெழுத்தே அச்சாகியிருக்கும். தாளைத் திருப்பிப் பார், பால்பாயிண்ட் என்றால் பின்பக்கம் தடவினால் அழுத்தம் தெரியும். பவுண்டன் பேனா என்றால் மை நாரோடு லேசாகப் பரவியிருக்கும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. நூலக முத்திரை இருக்கிற புத்தகம் கையில் வந்தால், கழித்துவிட்டதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதே. குற்றமும் நீதியும் பற்றிய அலமாரியில் திருட்டுச் சொத்து நிற்பது அசிங்கம்.

ஆசிரியர் பெயர் வாரியாக அடுக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம், வழக்கு வாரியாக அடுக்கு. நான் சேர்ப்பதே அப்படித்தான், இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு வழக்கில் நீதிபதி எழுதியது, வக்கீல் எழுதியது, கூண்டில் நின்றவர் எழுதியது, வெளியே நின்ற எழுத்தாளர் எழுதியது, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கீழ்வெண்மணியை எடுத்துக்கொள். 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. காரெல்லாம் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பின் நகலை, அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நாவலின் மேல் எனக்குச் சில வழக்குகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைக்கிறவனுக்கு அந்த வழக்கு புரியாது.

அதேபோல ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004). வீரப்பன் வேட்டையில் மலைவாழ் மக்கள் பட்ட பாடு. எழுதியவர் வக்கீல், அவர்களுக்காக அலைந்தவர். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இன்னும் ஒரு படி மேலே. ஆந்திராவில் குண்டூர் போலீசிடம் சிக்கிய ஒருவர், பிறகு கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே எழுதியது. 2006இல் வந்தது, இதை வைத்து எடுத்த 'விசாரணை' படம் வந்த பிறகுதான் பலர் தேடினார்கள். அதில் அவர் கையெழுத்தோடு ஒரு பிரதி கிடைத்தால் என்ன விலை சொன்னாலும் வாங்கு. நீதிபதி கையெழுத்துப் போடுவது அவர் தொழில். எதற்கென்று தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அடி வாங்குவதும் ஒரு கையெழுத்துதான். அந்த இடத்திலிருந்து வந்த ஒருவர் தன் புத்தகத்தில் தன் இஷ்டத்துக்குப் போட்டது எனக்குப் பெரிது.

பழைய வழக்குகளில் ஆளவந்தார் வழக்கைத் தேடு. 1952, சைனா பஜார் பேனா வியாபாரி, டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல், மானாமதுரையில் ரயிலில் கண்டுபிடித்தது. விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் ஐ.சி.எஸ். அவரே கதையும் நாடகமும் எழுதினவர். ஆகவே அவர் நூல் பிளாட்பாரத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் உள்ளே போன லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கு இப்போதெல்லாம் போட்டி ஜாஸ்தி. லட்சுமிகாந்தன் நடத்திய கிசுகிசுப் பத்திரிகை 'இந்து நேசன்' இதழ் ஒன்று கிடைத்ததாக யாராவது சொன்னால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஓடுகிறது. உனக்கு நான் சொல்வது, அதைவிட, அன்றைக்கு மேல்கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அப்பீலைத் திரும்ப விசாரிக்கச் சொன்னதும், 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் இருக்கிற தீர்ப்புகளைத் தேடு. கிசுகிசு போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

இன்னொரு ரகம், யாரும் மதிக்காதது: கொலைச் சிந்து. ஊரில் ஒரு கொலை நடந்தால் சில நாளில் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்றார்கள். வாங்கினவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப்போட்டார்கள், அதனால்தான் இன்று கிடைப்பதில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுதி இந்த வகைக்கு ஒரு மரியாதை வாங்கிக் கொடுத்தார். உன் தாத்தாவின் புத்தகங்களுக்கு நடுவில் மெல்லியதாக ஏதாவது செருகியிருந்தால் கவனமாக எடு. அந்தக் கால வக்கீல்களும் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். புத்தகங்களுக்குள் கடிதம், நோட்டீஸ், எஃப்.ஐ.ஆர். நகல், கட்சிக்காரர் கொடுத்த போட்டோ எல்லாம் இருக்கும். விவாகரத்து வழக்கில் ஒரு பெண் கைப்பட எழுதியது இருக்கலாம். அதையெல்லாம் சேகரிப்பில் சேர்க்காதே, யாருக்கும் படம் எடுத்தும் அனுப்பாதே. தாத்தா செத்துப்போனாலும் கட்சிக்காரருக்கும் அவருக்கும் இருந்த ரகசியம் சாகவில்லை. பத்திரம், அசல் ஆவணம் என்றால் உரியவர்கள் வீட்டைத் தேடிக் கொடு. மற்றதைக் கிழித்துவிடு. பேப்பர் கடைக்காரரை உள்ளே விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். இதை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் நீயே உட்கார்ந்து செய்.

35ஆம் தொகுதி கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா