பினாங்குக் கோயில், சங்க மகளிர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் மண்டபம் நிறையப் பெண்களைத் திரட்டுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் மாதவிலக்கின்போது வரும் அதிக உதிரப்போக்கைப் பற்றிப் பேச அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பெண்கள் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் பெண்கள் இரண்டு பேட் சேர்த்து வைத்து, கருப்புக் காற்சட்டை போட்டு வருவார்கள். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது, அவ்வளவு இரத்தசோகை. "வருஷக் கணக்கா இப்படித்தான் மிஸ்ஸி, உடம்புச் சூடுன்னு அம்மா சொன்னாங்க" என்பார்கள். அதற்கு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே வருடங்களைக் கடத்தியிருப்பார்கள்.

சூடு இல்லை அது. உதிரம் 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு பேட் நனைந்தாலோ, உறைந்த இரத்தம் பெரிய கட்டிகளாகப் போனாலோ காரணம் தேடியே ஆகவேண்டும். ஃபைப்ராய்டு எனும் கர்ப்பப்பைத் தசைக்கட்டி முக்கியமான ஒரு காரணம். 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது வந்துவிடுகிறது. பலருக்குத் தெரிவதே இல்லை. கர்ப்பப்பையின் உட்சுவரை ஒட்டி வளர்ந்தால் மட்டும் சின்னக் கட்டிகூட ஆளைச் சாய்த்துவிடும். தைராய்டு, இரத்தம் உறைவதில் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. மாதவிலக்கு முழுதாக நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் புற்றுநோய்ச் சோதனைக்கு உடனே போகவேண்டும்.

போகவிடாமல் தடுப்பது பயம்தான். கட்டி என்றாலே கேன்சர், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஃபைப்ராய்டு கேன்சர் அல்ல. மாதவிலக்கு நின்றதும் பெரும்பாலும் தானே சுருங்கும். அதுவரை உதிரத்தைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் அகற்றலாம். அதற்கு இரத்தம் போகும் குழாயையும் அடைக்கலாம். கர்ப்பப்பையை எடுப்பது பல வழிகளில் ஒன்று, அவ்வளவே.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் ஆண் டாக்டர் இருந்தால், அதுவும் மலாயில் சொல்ல வேண்டியிருந்தால், "தலை சுத்துது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். அதையும் டீயோடு விழுங்குவார்கள், டீ சத்தை உடம்பில் சேரவிடாது. உதிரப்போக்கு அப்படியே தொடர, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதைதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படி ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கி உட்காருபவரை வயது என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, அதாவது இரத்தசோகை அளவுக்குப் போயிருக்கலாம்.

ஆகவே, தமிழ் பேசும் பெண் டாக்டர் ஒருவரை அழையுங்கள். ஆண்கள் இல்லாத அறையாக இருக்கட்டும். விரலில் குத்தி இரத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குறைவாக இருப்பவரோடு அரசாங்க கிளினிக்குக்கு உங்களில் ஒருவர் துணைக்குப் போங்கள், 1 ரிங்கிட்தான் கட்டணம். அவர் சொல்லத் தயங்குவதை நீங்கள் டாக்டரிடம் சொல்லி, ஸ்கேன் கேளுங்கள்.

எந்த ஞாயிறு என்று சொன்னால் இரத்தம் பார்க்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி, ஆயர் ஈத்தாம்