செயலாளர் ஆண்டறிக்கை: விசாரணையின்றி அடைக்கப்பட்டோர் குடும்ப உதவிச் சங்கம், மதுரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி 11 அன்று குவாண்டனாமோ சிறை பற்றிப் பேச்சுக் கூட்டம் நடத்தினோம். 2002ல் அமெரிக்கா திறந்த அந்தச் சிறைக்குள் ஏறத்தாழ 780 பேர் போனார்கள். பெரும்பாலோர் மீது கடைசிவரை குற்றச்சாட்டே பதியவில்லை. ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் மாலை வைத்தோம். ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிக் கலந்துரையாடல் நடந்தது. செயற்குழு கூடியது, கோரம் இல்லாமல் சில கூட்டங்கள் தள்ளிப்போயின.

குண்டாஸில் அடைக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நாம் மனு எழுதித் தரும் சனிக்கிழமை முகாமைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இது தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். "ரவுடிகளுக்கு வக்காலத்தா?" என்று சொல்லி விலகியவர்களும் உண்டு. தப்புச் செய்தவனை விட்டுவிடச் சொல்லி நாம் ஒரு மனுவும் எழுதவில்லை. வழக்குப் போடுங்கள், சாட்சியைக் கொண்டுவாருங்கள், நிரூபித்துத் தண்டனை வாங்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். குண்டாஸ் என்கிற தடுப்புக் காவல் சட்டத்தில் அது எதுவும் கிடையாது. 1982ம் ஆண்டின் 14ம் எண் சட்டப்படி போலீஸ் கமிஷனரோ கலெக்டரோ கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று ஆரம்பித்த பட்டியலில் பின்னால் திருட்டு விசிடி, மணல், இணையக் குற்றம் எல்லாம் சேர்ந்துவிட்டன. உத்தரவு சரியா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துப் பேசவும் உரிமை இல்லை. 'ஜாமீனில் வெளியே வந்துவிடுவார்' என்பதையே உத்தரவில் காரணமாக எழுதுகிறார்கள். ஜாமீன் கொடுப்பது கோர்ட்டின் வேலை. அதைத் தடுக்க இன்னொரு சட்டம் எதற்கு? சாதாரணச் சட்டமே போதும் என்கிற இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று ரேகா வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறமும் உத்தரவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அரசரடி ஜெயிலில் மனுப் போட்டு உள்ளே இருப்பவரைப் பார்த்துவிட்டு நேராக நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். செல்லூரிலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பையில், உத்தரவுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய தடித்த புக்லெட்டைக் கொண்டுவந்தார். மகன் மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர். ரிமாண்ட் உத்தரவு இருந்த பக்கம் ஜெராக்ஸில் கரேலென்று இருந்தது. ஓரத்தில் சீலின் பாதி மட்டும் தெரிந்தது. வேறு யாருக்கோ கிடைத்த ஜாமீன் உத்தரவை இங்கிலீஷில் அப்படியே வைத்திருந்தார்கள், தமிழ் நகல் இல்லை. ஐந்து நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது, படித்துப் பார்த்துப் பதில் எழுதத்தானே! வாசிக்க முடியாத பக்கத்துக்கு என்ன பதில் எழுதுவது? அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பக்க எண் போட்டு மனு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடைசியில் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு ரத்தானது. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூல வழக்கில் இன்னும் விசாரணையே தொடங்கவில்லை.

உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தடுப்புக் காவல் உத்தரவுக்கு அரசு ஒப்புதல் தர உள்ள 12 நாளுக்குள் உத்தரவு போட்டவருக்கே மனு போய்ச் சேர்ந்தால், அதை அவர் பரிசீலித்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி தகவல் வந்தால் சனிக்கிழமை காலையில் ஆள் வேண்டும் என்பது இதனால்தான். முகாமுக்குப் பெயர் கொடுத்த பலர் வரவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தால், பை பையாகக் காகிதம் கொண்டுவந்தவர்கள் திண்ணையில் காத்திருந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது மனவருத்தம்.

நம் சுற்று வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. சில சாதிகளையே குற்றவாளிகள் என்று அறிவித்த கைரேகைச் சட்டக் (குற்றப் பரம்பரைச் சட்டக்) காலத்தில் ராத்திரிச் சீட்டு இல்லாமல் ஆண்கள் வெளியூர் போக முடியாது. அந்த அறிவிப்பைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவும் முடியாது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920ல் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதுரையில் அந்த மக்களுக்காக நின்றவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். அதற்கு முந்தைய வருடம், விசாரணையின்றி அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்க்க மதுரைக்கு வந்த காந்தி தங்கியதும் அவர் வீட்டில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் சும்மா இருக்க முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸ், தபால், டைப்பிங் என்றுதான் பெரும்பகுதி போயிருக்கிறது. கையிருப்பு கொஞ்சம்தான். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பாதிக்கு மேல். சிலருடையது இரண்டு வருடப் பாக்கி. பாக்கிக்காரர்களின் பெயரை இங்கே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இலவசமாக ஆஜரான இளம் வக்கீல்கள், கடன் சொல்லி நகல் எடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைக்காரர், அறை கொடுத்த வீட்டுக்காரர், டீ வாங்கி வந்த தம்பிகள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சட்டமன்ற உறுப்பினர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் நேரில் பார்க்க வேண்டும். அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் மூன்று மாதம் வைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைக்க 1978லேயே 44வது திருத்தம் நிறைவேறியது. அந்தப் பிரிவை இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. முதலில் அதைக் கேட்போம். இந்தச் சட்டங்கள் மொத்தமாகப் போகிறவரை விடாமல் கேட்போம்.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சந்தோஷமாகக் கொடுப்பேன். அப்படி யாரும் இல்லையென்றால் தொடர்கிறேன், ஆனால் முகாமைத் தனி ஆளாக இனி நடத்த முடியாது. இங்கிலீஷ் உத்தரவை வாசித்துத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள், டைப் அடிக்கத் தெரிந்தவர்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும் வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். சந்தா நோட்டும் என் கையில்தான் இருக்கும்.

செயலாளர்