11 படுக்கைகளின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வழியாகச் செல்லும் தொலைதூர ரயில்களில் குறைந்த வருமானம் உள்ளவர்களும் குளிர்சாதனப் பெட்டியில் பயணம் செய்ய வழி வேண்டும் என்பதை வலியுறுத்தி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்பவன். அனல் எனக்குப் பழகியதுதான். ஆனாலும் சென்ற மே மாதம் உறவினர் ஒருவரை வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போயிருந்தபோது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வடமாநிலத் தம்பதி ஒருவர், மலையில் போட்ட கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாத குழந்தையுடன் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த மனிதர் முதலில் செய்த வேலை, ஒரு துண்டை நனைத்து ஜன்னல் கம்பியில் கட்டியதுதான். வண்டி புறப்படுவதற்குள் துண்டின் ஓரங்கள் காய்ந்துவிட்டன. அவர்களுக்கு முன்னால் இரண்டு பகல்கள் இருந்தன. நம் ஊர் வழியாகச் செல்லும் கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஏசி என்பது ஆடம்பரமா, அவசியமா என்ற விவாதத்துக்கே இடமில்லை என்று தோன்றுகிறது.

இந்த அவசியத்தை ரயில்வே ஏற்கெனவே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த 2006-ஆம் ஆண்டில் அறிமுகமான கரீப் ரத் ரயில், பெட்டிகள் முழுவதும் ஏசி, கட்டணம் குறைவு என்ற ஏற்பாட்டில் ஓடியது. பக்கவாட்டில் இரண்டு படுக்கைகள் இருந்த இடத்தில் மூன்றைப் பொருத்தினார்கள். கம்பளி, தலையணை வேண்டுமென்றால் ஆரம்பத்தில் 25 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. பக்கவாட்டு நடுப்படுக்கையில் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியாது என்பது உண்மை. இருந்தும், யஷ்வந்த்பூரில் இருந்து சேலம் வழியாகக் கொச்சுவேளிக்கு (இப்போது திருவனந்தபுரம் வடக்கு) செல்லும் கரீப் ரத்தில் சிகிச்சைக்காக நான் அழைத்துச் சென்ற என் தாயார், விடியும்வரை நிம்மதியாக உறங்கினார். பெயரின் பொருள் 'ஏழையின் தேர்' என்று சொன்னபோது மட்டும், "ஏழை தேரை இழுப்பான், ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லையே" என்று சிரித்தார். அந்தப் பெயரை எனக்கும் பிடிக்காது. பயணச்சீட்டு வாங்கும்போதே ஒருவர் தன்னை ஏழை என்று அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை.

2021 முதல் வந்துள்ள மூன்றடுக்கு ஏசி எகானமி பெட்டிகளுக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் இல்லை. பக்கவாட்டிலும் பழையபடி இரண்டு படுக்கைகள்தான். எல்எச்பி எனப்படும் நவீன வகையைச் சேர்ந்த வழக்கமான மூன்றடுக்கு ஏசி பெட்டியில் 72 படுக்கைகள் இருக்க, இது 83 படுக்கைகளுடன் அறிமுகமானது. சேதாரத்தை மில்லிகிராமில் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பதால், இந்த 11 படுக்கைகளின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 72 பேரிடம் கிடைப்பது 7,200 ரூபாய். 83 பேரிடம் ஆளுக்கு 87 ரூபாய் வாங்கினாலே 7,221 ரூபாய் வந்துவிடும். அதாவது, பெட்டி நிரம்பி ஓடினால் ரயில்வேக்கு ஒரு பைசா வருவாய் குறையாமல் கட்டணத்தில் 13 சதவீதத்தை விட்டுக்கொடுக்கலாம். அறிமுகத்தின்போது குறைத்ததோ அதிகபட்சம் 8 சதவீதம்தான். நடுவில் 2022 நவம்பரில் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டு, 2023 மார்ச்சில் திரும்பக் கொடுத்தார்கள்.

13 சதவீதம் குறைந்தாலும் போதாது என்பதையும் நான் அறிவேன். மூன்றடுக்கு ஏசி கட்டணம் ஸ்லீப்பர் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நால்வர் கொண்ட குடும்பம் போய்த் திரும்ப ஆகும் வித்தியாசம் ஒரு பட்டறைத் தொழிலாளியின் பல நாள் கூலி. போதாக்குறைக்கு, ஸ்லீப்பருக்கு இல்லாத 5 சதவீத ஜிஎஸ்டி ஏசிக்கு உண்டு. எகானமி வகுப்புக்கு மட்டுமாவது அந்த வரியை நீக்கினால் என்ன? பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் வசூலிக்கிறோம் என்று பயணச்சீட்டிலேயே அச்சடித்துச் சொன்ன துறை, இழப்பைப் பற்றிப் பேசும் என்பது தெரியும். நான் கேட்பதில் பாதி, இழப்பில்லாமல் செய்யக்கூடியது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்லீப்பர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏசி பெட்டிகளை மாட்டுவதை வசதி என்று சொல்லக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்லீப்பரில் போனவர் ஏசிக்குப் போவதில்லை. முன்பதிவில்லாப் பெட்டியின் கழிவறை வாசலுக்குத்தான் போகிறார். எகானமி பெட்டிகள் வழக்கமான மூன்றடுக்கு ஏசி பெட்டிகளின் இடத்தில் வரட்டும். ஸ்லீப்பரின் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகையை எல்லா வகுப்புகளுக்கும் திரும்பத் தருவது இயலாது என்றால், எகானமி வகுப்பிலிருந்தாவது தொடங்கலாம். 58 வயது நிறைந்த பெண்களுக்கு அன்று பாதிக் கட்டணம்தான். என் தாயார் மறுபரிசோதனைக்கு மீண்டும் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது; இம்முறை ஸ்லீப்பரில்தான் பதிவு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சிவதாபுரம், சேலம்.