பயணப் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது

சின்ன பட்ஜெட்டில் இளசுகளைப் பற்றிப் படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நாலு பிள்ளைகள், ஒரு கோடை விடுமுறை, ஒரு வெளிநாடு. இந்தக் கதைக்கு இந்த வருஷமும் யூனிட் கிளம்புகிறது; பட்டியலில் ஒலிப்பதிவாளர் பெயரை மட்டும் காணோம். 'டப்பிங்கில் பார்த்துக்கலாம்' என்கிறீர்கள். ஒலிப்பதிவாளரையும் அழைத்துப் போங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

டப்பிங்குக்கு வரப்போகிறவன் யார் என்று யோசித்தீர்களா? 14 வயசுப் பையன். மகரக்கட்டு உடைகிற பருவம். குரல்நாண் நீண்டு தடித்து, பேச்சு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். சில மாதத்திலேயே இறங்கிவிடுவதும் உண்டு. கோடையில் கடற்கரையில் கீச்சென்று கத்தியவன், எடிட்டிங் முடிந்து மைக் முன்னால் வந்து நின்றால் உதடு பொருந்தும், குரல் பொருந்தாது. சுருதியை மென்பொருளில் ஏற்றினால் கார்ட்டூன் அணில் பேசும். வேறு பையனைப் பேச வைத்தால் சிரிப்பும் மூச்சும் அவனுடையதாகிவிடும்.

'கேமரா மைக் இருக்கிறதே' என்பீர்கள். நீளக் கம்பியின் நுனியில் மைக் கட்டி, வாயிலிருந்து அரை மீட்டரில் நிற்கும் பூம் எங்கே, 4 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா எங்கே? திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் பேச்சு 6 டெசிபல் குறையும். இங்கே மூன்று முறை இரட்டிக்கிறது, 18 போச்சு. அலைச்சத்தம் மட்டும் குறையாமல் நிற்கும். மெல்லிய சத்தம் முதல் பெரிய சத்தம் வரை தாங்கிப் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினாலும், ஒலி அளவு எகிறியதையோ தாழ்ந்ததையோதான் மீட்கலாம். தூரத்தையும் காற்றையும் எடுக்க முடியாது.

டிரோனுக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. அது தலைக்கு மேல் இரைய, கீழே பிள்ளைகள் காதலைச் சொல்ல வேண்டும். வெளிநாடு போய் எடுத்த படத்தில் ரயில் நிலையச் சத்தம், யாரோ எங்கோ பதிந்து வைத்த ஒலி லைப்ரரியிலிருந்து வரும். நல்ல சிக்கனம்!

கோபத்தை விடுவோம். கேட்பது ஒரு ஆள், ஒரு பை: நாலு சானல் ரெக்கார்டர், சட்டையில் குத்தும் வயர்லெஸ் லேப்பல் மைக் இரண்டு, காற்றுச் சத்தத்துக்கு ரோம உறை போட்ட ஷாட்கன் மைக் (நேர் எதிரே வரும் ஒலியை முக்கியமாக எடுக்கும் நீள மைக்), பூம் கம்பி. வயர்லெஸ் மைக் ஓடும் யுஎச்எஃப் ரேடியோ அலைவரிசைகளில் அந்த நாட்டில் எதற்கு அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்து வயர்லெஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போகும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிஷம் வெறும் ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் பின்னணிச் சத்தம், எடுக்க விடுங்கள். அது இல்லையென்றால் எடிட்டில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும்.

டிக்கெட் போடுமுன் அந்த ஒரு பெயரைச் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
லொக்கேஷன் ஒலிப்பதிவாளர்கள்