ஒரு வரி விடைக்குள் அடங்குகிற ஆளா இவர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்ஜெட் சமயம் வந்தால் உங்கள் மாணவர் பக்கத்தில் அந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்? விடை, ஆர்.கே. சண்முகம் செட்டியார். அத்தோடு சரி. இந்த வருஷமும் அதே கதைதான். நான் கோயம்புத்தூர்க்காரன், மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த பட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி 1947 நவம்பர் 26. நாடு பிரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, அகதிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், காஷ்மீரில் சண்டை, உணவு தானியத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்கிற நிலைமை. இத்தனைக்கும் அது முழு வருஷக் கணக்குகூட இல்லை, ஆகஸ்ட் 15 முதல் அடுத்த மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அந்தச் செலவில் 92.74 கோடி, அதாவது கிட்டத்தட்டப் பாதி, ராணுவத்துக்கே போனது. எங்கள் அவினாசி சாலை மேம்பாலத்துக்கே இன்று அதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கிறது!

இன்னொரு விஷயம், அவர் காங்கிரஸ்காரர் இல்லை. நீதிக்கட்சி வழியில் வந்தவர், வெள்ளைக்காரன் கொடுத்த 'சர்' பட்டம் வேறு. மத்திய சட்டசபைக்குத் தலைவராக இருந்தவரை 1934 தேர்தலில் காங்கிரஸ் தோற்கடித்தது. அப்படிப்பட்டவரை நேரு தன் முதல் மந்திரிசபையில் சேர்த்து கஜானாச் சாவியைக் கொடுத்தார் என்றால் சும்மாவா? 1944-ல், உலக வங்கிக்கும் ஐ.எம்.எஃப்.புக்கும் அடித்தளம் போட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் இவர் உண்டு. போருக்காக நம்மிடம் வாங்கியதற்கு பிரிட்டன் தர வேண்டிய ஸ்டெர்லிங் (பவுண்டு) பாக்கியைப் பற்றி இந்தியா அங்கே விடாமல் கேட்டது.

நாம் மறந்தாலும் கொச்சியில் பெயர் இருக்கிறது. 1935 முதல் 1941 வரை அந்தச் சமஸ்தானத்தில் திவானாக, அதாவது மன்னருக்குக் கீழ் தலைமை மந்திரியாக இருந்தார், துறைமுகம் வளர்ந்த காலம் அது. எர்ணாகுளம் கடலோரத்தில் ஷண்முகம் ரோடு என்று இருக்கிறதே, அது இவர் பெயர்தான். ஒருமுறை அந்த ரோட்டில் போகும்போது ஆட்டோக்காரரிடம் யார் இந்த ஷண்முகம் என்று கேட்டேன், "சுப்பிரமணிய சுவாமி, வேற யாரு" என்றார். சரி, நம் ஊரில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. வரி ஏய்ப்பு பற்றி விசாரித்த ஆணையத்துக்குப் போன பட்டியலிலிருந்து சில ஆலை முதலாளிகளின் பெயர்கள் நீக்கப்பட்டு, அது பெரிய சர்ச்சையானது. பொறுப்பை ஏற்று 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஒரு வருஷம்தான் மந்திரி. அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்தக் கறையை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துறையில் நடந்த தப்புக்கு மந்திரி போக வேண்டும் என்று இருந்த காலம் அது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் தமிழ். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். கோவலன் காசைத் தொலைத்த கதைக்கு ஒரு நிதி மந்திரி உரை எழுதியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். 1953-ல் போய்விட்டார், அறுபதுதான் வயது.

அதனால் ஒரு வேண்டுகோள். அவர் பட்ஜெட் போட்ட அதே தேதியான வருகிற நவம்பர் 26 அன்று அரசியல் சாசன தினத்துக்கு எப்படியும் ஒரு சிறப்புப் பக்கம் போடுவீர்கள். அதில் கால் பக்கம் இவருக்கும் ஒதுக்குங்கள், அந்த ராஜினாமாவையும் விடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோவை வாசகன்