சருகுமான் காலைத் தட்டட்டும்

அன்பு மகளுக்கு,

நீ ஒசாக்காவிலிருந்து அனுப்பிய, நீங்கள் செய்கிற விலங்கு பேஸ்பால் வீடியோ ஆட்டத்தின் படங்களை அப்பாவும் நானும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். டிவியில் மாட்டி ஆடிய மைக்ரோ ஜீனியஸ் பெட்டி காலத்து ஆட்டம் போலவே கட்டம் கட்டமாக இருக்கிறது. மனசு நிறைந்துபோச்சு.

ஆனால் ஒன்று சொல்லணும் கண்ணு. உன் கரடியும் முயலும் சருகுமானும் ஒரே மாதிரி ஓடுகின்றன, ஒரே மாதிரி மட்டை வீசுகின்றன. தலை மட்டும்தான் வேறு. 1990-இல் அமெரிக்காவில் வந்த 'பேட் நியூஸ் பேஸ்பால்' வீடியோ ஆட்டத்தில் நடுவர்கள் முயல்கள். நடுவருக்கு அது போதும். உன் ஆட்டத்தில் பந்தை அடிப்பதே விலங்குகள்தானே, அவை தங்கள் உடம்பால் ஆட வேண்டாமா?

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியபோது நான் கேட்சர், மட்டை வீசுகிறவருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவள். மைதானம் முழுவதும் கேட்சரின் கண் முன்னால்தான். யார் எப்போது ஓடப்போகிறார்கள் என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சாஃப்ட்பாலில் பந்து எறிகிற பிட்சர் கையை விட்டுப் பந்து போகும்வரை, ஓடுகிறவர் தான் நிற்கும் பேஸிலிருந்து நகரக்கூடாது. பேஸ்பாலில் முன்னாலேயே நாலடி தள்ளி நின்று பேஸ் திருடலாம், அதாவது பந்தை யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடலாம். அந்த வேலைக்குப் பிறந்ததே சருகுமான். இரண்டு கிலோதான் இருக்கும். பதற்றம் வந்தால் பின்னங்காலால் தரையைப் படபடவென்று தட்டும். ஓடுவதற்கு முன் அதைத் தட்டவிடு. ஆடுகிற பிள்ளைகள் அந்தக் காலைக் கவனிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

தாப்பிரைக் கேட்சராக்கு. அம்மா கேட்சர் என்பதற்காகச் சொல்லவில்லை. பழைய பெட்டியில் விலங்கைச் சேர்த்துக் கட்டுகிற ஒரு சின்ன உருவத் துண்டுக்கு மூன்று நிறம்தான் என்று நீதானே சொன்னாய்? தாப்பிருக்கு முன்னும் பின்னும் கறுப்பு, நடுவே வெள்ளை. மூன்றாவது நிறம் கையுறைக்கு மிச்சம்! வளைகிற மூக்காலேயே அது பந்தைப் பிடிக்கட்டும்.

பினாங்குக் கொடிமலையில் நாம் பார்க்கிற லோத்தோங் குரங்கையும் மறந்துவிடாதே. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருப்பதால் எவ்வளவு சின்னதாக வரைந்தாலும் அடையாளம் தெரியும். அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். மட்டை பொறுக்கும் பிள்ளையாக அந்தக் குட்டியை விடு. பெரிய லோத்தோங்கின் மரத்தில் தாவுகிற உடம்பு, வேலியைத் தாண்டப் போகிற ஹோம் ரன் பந்தை மேலே எகிறிப் பிடிக்காதா?

ஒரே வரிசையில் எட்டுத் துண்டுக்கு மேல் வந்தால் அந்தக் காலத்துப் பெட்டியில் உருவம் மினுங்குமாமே. ஒரு விலங்கு இரண்டு துண்டு அகலம் என்றால், பக்கத்துப் பக்கத்தில் நாலு பேர்தான் நிற்க முடியும். அந்த விதியை நீங்கள் விடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. களத்தில் ஆட்களை அதற்கேற்ற மாதிரி தள்ளித் தள்ளி நிறுத்து.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்: இரண்டே பட்டனில் முழு ஆட்டமும் ஆடலாமா? இப்போதே பழக வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா