அம்மா கேட்ட பேய்க்கதைகள்

தென்காசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நலம்.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு நீ வந்திருந்தபோது, பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்தாய். ஒன்றின் நடுவே காலி மாத்திரை அட்டை செருகியிருந்தது. "ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இதையா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? அந்த நேரத்தில் பேய்க்கதையா அப்பா?" என்று கேட்டாய். நீ கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆரியங்காவு, தென்மலை எல்லாம் தாண்டி விமான நிலையம் போய்ச் சேரும்வரை பதில் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மதுரையில் அம்மா படுத்திருந்தது 23 இரவுகள். பகலெல்லாம் ஆட்கள் வந்துபோனார்கள். வந்தவர்கள் தோத்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "ஏதாவது பேய்க்கதை சொல்லுங்கள்" என்றாள். நான் திகைத்துப்போனேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாரும் தைரியமாக இரு, தைரியமாக இரு என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுவதற்கு ஒருவரும் விடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் பயமாக ஒன்று சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்."

பாப்பா, அந்த நிமிஷம்வரை நானும் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீயும் தொலைபேசியில் அப்படித்தான் பேசினாய். அவளும் உன்னிடம் அப்படியே பேசினாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பயத்தை மறைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று எனக்குச் சட்டென்று வந்தது பழையனூர் நீலி கதை. பேய் ஒரு மனைவியின் வடிவம் எடுத்து, இடுப்பில் குழந்தையோடு வணிகனைத் துரத்திக்கொண்டு வருவதும், ஊர்ப் பெரியவர்கள் அவளை நம்பி அவனை அவளோடு தங்கச் செய்வதும், விடிந்ததும் அவன் பிணமாகக் கிடப்பதும், கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர்கள் தீயில் இறங்குவதும் உனக்குத் தெரியும். நான் அந்தக் குழந்தை கரிக்கட்டையால் ஆனது என்று சொல்லிவிட்டேன். "கள்ளிக்கொம்பு" என்று அம்மா இருட்டிலிருந்து திருத்தினாள். அவள் ஆச்சி சொன்ன கதையில் அது கள்ளிக்கொம்புதானாம். பிறகு மீதிக் கதையை அவளே சொன்னாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

மறுநாள் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943இல் வந்த கதை. பிச்சைக்கு வந்த பெண்ணை வீட்டுக்காரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன்பிறகு அந்த வீட்டின் இரவுகள் மாறிவிடுகின்றன. நடந்தது உண்மையா, மனத்தின் தோற்றமா என்று அவர் கடைசிவரை நமக்குச் சொல்வதில்லை. அம்மா அதைக் கல்யாணத்துக்கு முன்பே படித்தவள். "சொல்லாமல் விட்டானே, அவன்தான் கெட்டிக்காரன்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கதை தீர்ந்துவிட்டது. ஊருக்கு வந்தபோது அலமாரியிலிருந்து அந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த இடத்தில் உன் அப்பாவின் நூலக அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். கிளை நூலகத்தில் 31 வருஷம் இருந்தேன். நாவல் வாங்கிப் போகிறவர் முதல் பக்கத்தில் தொடங்குவார். பேய்க்கதைத் தொகுப்பை யாரும் அப்படிப் படிப்பதில்லை. எங்காவது திறப்பார்கள், ஒன்று படிப்பார்கள், மூடுவார்கள். திரும்பி வரும் புத்தகத்தின் முதுகு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே, எந்தக் கதை ஊரைப் பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். ஒருவர் மற்றவரிடம், "இதைப் படி" என்று கொடுத்திருப்பார். முந்நூறு பக்கத்துக்குப் பயத்தை இழுத்தால் அது பழகிவிடும். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இலேயே இதைச் சொல்லிவிட்டார்: அரைமணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்துமுடிக்கும் கதைதான் ஒரு முழு உணர்ச்சியைத் தரும் என்று. அம்மாவுக்கு இரவு ஊசி போட்டால் கண் அயர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு பயம் தொடங்கி, வளர்ந்து, முடிந்துவிடும். நாளைக்கு இன்னொன்று இருக்கும். அம்புலிமாமாவில் வேதாளம் மாதாமாதம் முருங்கை மரம் ஏறிய காலத்திலிருந்து எனக்கு இது தெரியும். நம் நாட்டின் பழைய பேய்க்கதைத் தொகுப்புகளில் அதுவும் ஒன்றுதானே! பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு சுடுகாட்டுவழி நடக்கிற ராஜாவுக்குச் சொல்லப்பட்ட 25 கதைகள். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தம் கதைக்கடலில் சேர்த்ததற்கு முன்பே அது ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். தோளில் அவ்வளவு பாரம் இருக்கும்போது மனிதனுக்குக் கதை வேண்டியிருந்தது என்று அதை உண்டாக்கியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களும் 1904இல் வெளிவந்தவை. ஒன்று, நீ இப்போது இருக்கிற டப்ளினில் வளர்ந்தவர் எழுதியது: லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத்து லெஃப்காடா தீவில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது இடது கண்ணை இழந்தவர். 1890இல் ஜப்பான் போய் அங்கேயே குடும்பம் நடத்தியவர். அவருடைய 'க்வைடான்' தொகுப்பின் முதல் கதை, காதில்லாத ஹோயிச்சி.

அந்தக் கதையை நான் அம்மாவுக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். 1185இல் டான்-நோ-உரா கடற்போரில் ஹெய்கே குலம் முழுவதும், குழந்தைச் சக்கரவர்த்தி உட்பட, மூழ்கி அழிந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கடற்கரைக் கோவில் ஒன்றில் ஹோயிச்சி என்ற குருடன் இருந்தான். பீவா என்ற நரம்புக்கருவியை மீட்டி அந்தப் போரைப் பாடுவதில் அவனுக்கு நிகரில்லை. ஒரு இரவு கனத்த குரல் ஒன்று, "ஹோயிச்சி!" என்று அதிகாரமாக அழைக்கிறது. அவன் நடுங்கிப்போய், "நான் குருடன், அழைப்பது யார் என்று தெரியவில்லை" என்கிறான். அந்தக் குரல் அவனை ஒரு பெரிய அரண்மனைக்குக் கூட்டிப்போகிறது. அவன் பாடுகிறான், சபை முழுதும் கதறி அழுகிறது. கோவில் ஆட்கள் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், கொட்டும் மழையில் குழந்தைச் சக்கரவர்த்தியின் கல்லறை முன்னால் உட்கார்ந்து தனியே பாடிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் பேய்த்தீ எரிகிறது. அவனைக் காப்பாற்ற குரு அவன் உடம்பெங்கும் பௌத்த சூத்திரத்தை எழுதுகிறார். காதுகளை மறந்துவிடுகிறார்கள். அன்றிரவு வந்த ஆவிக்கு அவன் உடம்பு தெரியவில்லை. காதுகள் மட்டும் தெரிகின்றன. அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "செத்தவர்களுக்குக்கூடத் தங்கள் கதையை யாராவது சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்" என்றாள். எனக்கு அதுவரை அந்தக் கதையில் காதுகள்தான் பெரிதாகத் தெரிந்தன.

நான் புத்தகத்தைப் பார்த்து மொழிபெயர்த்துச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "புத்தகத்தை மூடிவிட்டு, நீங்களாகச் சொல்லுங்கள்" என்பாள். ஆகவே பகலில் வராந்தாவில் உட்கார்ந்து படித்து வைத்துக்கொள்வேன். இரண்டு நாள் கழித்து, வெந்நீர் வாங்கப் போய்விட்டு ஃப்ளாஸ்கோடு திரும்பினேன். அறை இருட்டு. தூங்குகிறாளோ என்று மெதுவாக, "இந்தா..." என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "நான் குருடன், அழைப்பது யார்?" என்று குரல் வந்தது. நானும் அவளும் அன்று சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மா போன பிறகு, ஹெர்னின் மனைவி செட்சு தம் கணவரைப்பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு என் கைக்குக் கிடைத்தது. இரவுகளில் விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டு அந்த அம்மாள்தான் அவருக்குப் பழங்கதைகளைச் சொல்வாராம். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, உன் சொந்த வார்த்தையில்தான் சொல்ல வேண்டும் என்பாராம் ஹெர்ன். ஹோயிச்சி கதையை எழுதிய நாட்களில், இருட்டிய பிறகும் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறையிலிருந்து செட்சு, "ஹோயிச்சி, ஹோயிச்சி" என்று மெல்லக் கூப்பிட, "நான் குருடன், நீங்கள் யார்?" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த வரியோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். இன்னும் மீதியைப் படிக்கவில்லை. 'க்வைடான்' வெளிவந்த அதே 1904ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெர்ன் இறந்துபோனார்.

இன்னொரு புத்தகம், எம். ஆர். ஜேம்ஸ் எழுதியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பழஞ்சுவடி ஆராய்ந்த பெரிய படிப்பாளி. கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களைத் தம் அறையில் உட்காரவைத்து, மெழுகுவத்தி ஒன்றை மட்டும் விட்டுவைத்து, தாம் எழுதிய பேய்க்கதையைப் படித்துக்காட்டுவார். அந்த நண்பர்களில் ஒருவர் மெக்பிரைட் என்ற ஓவியர். கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கியவர், நான்கு படங்கள் முடித்த நிலையில், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1904 ஜூனில் இறந்துவிட்டார். வேறு ஓவியரை வைத்து மீதியை வரைய ஜேம்ஸ் சம்மதிக்கவில்லை. அந்த நான்கே படங்களோடு புத்தகம் வந்தது. அதை அவர் வெளியிட்டதே பெரும்பாலும் அந்த நண்பனுக்காகத்தான்.

அதில் ஒரு கதை, பேயை நம்பாத பேராசிரியர் கடலோர இடிபாட்டில் பழைய ஊதல் ஒன்றைக் கண்டெடுத்து ஊதிவிடுவது. அவர் தங்கியிருக்கும் அறையில் காலியாக இன்னொரு கட்டில் இருக்கிறது. கடைசியில் அந்தக் கட்டிலின் விரிப்பே எழுந்து உட்காரும்; கசங்கிய துணிதான் அதற்கு முகம். அம்மாவின் அறையிலும் பக்கத்துக் கட்டில் அன்று காலையில்தான் காலியாகியிருந்தது. அங்கே இருந்த பெரியம்மா வீடு திரும்பவில்லை. புதிய வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். அந்தக் கதையை விட்டுவிட்டு வேறொன்று சொல்லப் பார்த்தேன். நான் தடுமாறுவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தக் கட்டிலைப் பார்த்து, "பாவம், அந்த அம்மாவுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். நாம் ஒன்றும் கேட்கவில்லையே" என்றாள். அப்புறம்தான் தன் பயத்தை எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூச்சு முட்டுமோ என்ற பயம். உன்னைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம். எனக்கு ரசம் வைக்கத் தெரியாதே என்ற பயம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையதையும் சொன்னேன். 38 வருஷத் தாம்பத்யத்தில் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டது கிடையாது. நேராக உட்கார்ந்து பேசியிருந்தால் எங்களால் முடிந்திருக்காது, பாப்பா. அந்தக் கசங்கிய துணி முகம்தான் கதவைத் திறந்துவிட்டது.

ஜப்பானில் இதையே ஒரு கூடலாக வைத்திருந்தார்களாம். நீலக் காகிதம் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றிவைத்து, ஒவ்வொருவராகப் பேய்க்கதை சொல்வார்கள். ஒரு கதை முடிந்ததும் சொன்னவர் எழுந்துபோய் ஒரு திரியை அணைப்பார். நூறாவதும் அணைந்தால் உண்மையிலேயே ஏதோ வந்துவிடும் என்று 99இல் நிறுத்திக்கொள்வதும் உண்டாம். இதைச் சொன்னபோது, "அத்தனை பேர் சூழ்ந்து உட்கார்ந்திருந்தால் இருட்டு என்ன செய்யும்?" என்று அம்மா கேட்டாள். நீ வந்து இறங்கிய அன்றைக்கு முந்தின இரவு அது.

புத்தகங்கள் இரண்டையும் பதிவுத் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். ஜேம்ஸ் புத்தகத்தின் முதுகு உடைந்திருக்கிறது, பார்த்துத் திற. மாத்திரை அட்டையை அது இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு உள்ள கதைகளை அம்மா கேட்கவில்லை.

தீபாவளிக்கு வருகிறாயா? வந்தால் மொட்டைமாடியில் பாயை விரித்து அவற்றில் ஒன்றை நீ எனக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்காமல், உன் வார்த்தையில். நான் நன்றாக இருக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறேன் அல்லவா? ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. அடுப்படி விளக்கை அணைக்காமல்தான் படுக்கிறேன். உனக்கு அங்கே எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா